விளக்கின் தலையில் பருந்து

எங்கள் ஓடுபாதையின் ஓரத்தில், பன்னிரண்டு அடி உயரத்தில், எட்டுக் கம்பங்கள் நின்றன. ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் ஒரு விளக்கு. பருந்துகளை விரட்டுவதற்காக வைத்த விளக்கு. அந்த விளக்கின் தலையில்தான் பருந்து வந்து உட்கார்ந்தது. வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. நான்கு மாதமாக, பணிக்குப் போன ஒவ்வொரு நாளும், கண்ணால் பார்த்து, நேரம் போட்டு, பதிவேட்டில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். படிக்க வேண்டியவர்கள் படிக்கவில்லை.

நான் அந்த விமான நிலையத்தில் பறவைக் கண்காணிப்பாளர். பதினோரு வருட வேலை. பெரிய நிலையம் என்று சொல்ல முடியாது. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இரண்டு பயணிகள் விமானங்கள் வரும். மற்ற நேரமெல்லாம் பயிற்சிப் பள்ளியின் சின்ன விமானங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். எனக்கு ஒரு ஜீப், ஒரு தொலைநோக்கி, ஒரு சைரன், ஒரு ரேடியோ. ஒவ்வொரு விமானமும் நகர்வதற்கு முன் கட்டுப்பாட்டு டவரிலிருந்து கேட்பார்கள்: "பறவை நிலை?" நான் "க்ளியர்" என்றால் விமானம் போகும். "இல்லை" என்றால் நிற்கும். என் உத்தியோகம் முழுவதும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும். நிலையத்தில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பருந்தக்கா என்பார்கள்.

விளக்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு விளக்குக் கம்பெனியின் விற்பனையாளர் ஒருவர் வந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டிக் கைவிளக்கு வைத்திருப்பார். பேச்சுக்கு நடுவே அதை எடுத்து நம் முகத்தில் அடித்துக் காட்டுவார். 'டார்ச்சு' என்று அவருக்குப் பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர். டார்ச்சு சொன்னதில் பொய் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பருந்துக்குக் கண்தான் எல்லாம். விட்டுவிட்டு மின்னுகிற வெளிச்சம் முகத்துக்கு நேரே அடித்தால் அதற்குக் கீழே ஓடும் எலி தெரியாது. இரை தெரியாத இடத்தில் அது நிற்காது. சைரன் ஊத வேண்டாம், வெடி போட வேண்டாம், துப்பாக்கி வேண்டாம். எனக்கே பிடித்திருந்தது.

விளக்கோடு ஒரு புத்தகமும் வந்தது. அதில் படம் போட்டுத் தெளிவாக எழுதியிருந்தது: விளக்கை முழங்கால் உயரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, முகம் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அதே நிலையத்தில் மின்பணியாளர். பொருத்த வேண்டியது அவர் பொறுப்பு. அவர் புத்தகத்தைப் பிரித்து மேலாளரிடம் காட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

மேலாளர் படத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பயணிகள் கட்டடத்தின் மாடிக் கண்ணாடியைப் பார்த்தார்.

"தரையில வெச்சா மாடியிலேர்ந்து எவன் கண்ணுக்குத் தெரியும்? இவ்வளவு பெரிய வேலை பண்ணியிருக்கோம். வர்றவங்க பார்க்க வேண்டாமா?"

"பார்க்க வேண்டியது பருந்து சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

"பருந்தா வந்து ரிப்பன் வெட்டப் போகுது?"

டார்ச்சு சிரித்தார். உயரமாக இருந்தால் எடுப்பாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். தன் புத்தகத்தில் தன் கம்பெனியே எழுதியதை அவர் ஒரு சிரிப்பில் முடித்துவிட்டார். கண்ணாடி இழையில் செய்த எட்டு நார்க்கம்பங்கள் வந்தன. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றையும் நான்கு போல்ட்டு போட்டு நிறுத்தினார். 'புத்தகத்தில் உள்ளபடி பொருத்தப்பட்டது' என்று அச்சடித்த தாளில் கையெழுத்தும் போட்டார்.

முதல் மூன்று வாரம் பருந்துகள் வரவில்லை. மேலாளரின் நடையே மாறியது. நான்காவது வாரத்தில் ஒரு பருந்து, வயதான பருந்து, இடது இறக்கையில் ஒரு இறகு குறைவு, வடக்கிலிருந்து வந்து சுற்றியது. வெளிச்சம் படாத இடத்தைத் தேடியது போலத் தாழ்ந்தது. நான்காம் கம்பத்து விளக்கின் மேல்மூடியில் இறங்கியது. விளக்கு முன்னால் அடிக்கும், பக்கத்தில் அடிக்கும். தன் தலைக்கு மேல் அடிக்காது. மூடி தகரம், காலை நேரத்தில் காலுக்குக் கதகதப்பு. பன்னிரண்டு அடி உயரம், சுற்றிலும் வெட்டிய புல், புல்லுக்குள் எலி. வெளிச்சத்துக்குப் பயந்து வேறெந்தப் பறவையும் பங்குக்கு வராது. இதைவிட நல்ல இருக்கை அதற்கு யார் செய்து கொடுப்பார்கள்? இரண்டு மாதத்தில் எட்டுக் கம்பங்களில் ஐந்துக்கு ஆள் வந்துவிட்டது.

எழுதினேன். ஆறு கடிதம் எழுதினேன். எந்தக் கம்பம், எத்தனை மணி, எவ்வளவு நேரம், சைரனுக்கு எழுந்ததா இல்லையா என்று தனித்தனியாக எழுதினேன். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. 'விளக்குகள் திருப்திகரமாக இயங்குகின்றன.' விளக்கு இயங்கவில்லை என்று நான் எங்கே சொன்னேன்?

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

பயிற்சிப் பள்ளியில் ஒரு ஆசிரியர் இருந்தார். மாணவர்களுக்கு அவர் வாத்தியார். அதனால் எங்கள் எல்லோருக்கும் வாத்தியார். ஏறுவதற்கு முன் ரேடியோவில், "அக்கா, உங்க பிள்ளைங்கல்லாம் சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். பருந்துகளைத்தான் அப்படிச் சொல்வார். செவ்வாய் காலை பத்து மணி நாற்பது நிமிடம். வாத்தியாரும் ஒரு மாணவியும் கிளம்பக் காத்திருந்தார்கள். டவர் கேட்டது.

"இல்லை," என்றேன். "நான்காம் கம்பத்தில் பருந்து."

சைரன் ஊதினேன். அது கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. ஜீப்பைக் கம்பத்துக்கு அடியில் கொண்டுபோய் ஊதினேன். அசையவில்லை. அதற்குள் கைபேசி அடித்தது. மேலாளர்.

"என்னம்மா, மறுபடியும் நிறுத்திட்டீங்களா?"

"பருந்து உட்கார்ந்திருக்கு சார்."

"உட்கார்ந்திருக்கு. பறக்கல இல்ல?"

"இப்ப பறக்கல."

"ஒரு வாரத்துல இது பன்னிரண்டாவது தடவை. தாமதப் பட்டியல் மேலே போகுது, தெரியுமா உங்களுக்கு? வெளிச்சத்துக்குள்ள பறவை இறங்காதுன்னு நாம எழுதிக் கொடுத்திருக்கோம். நீங்க என்னடான்னா தினம் பருந்து பருந்துங்கறீங்க. உட்கார்ந்த பறவை உட்கார்ந்தே இருக்கும். க்ளியர் கொடுங்க."

ரேடியோவில் பேசுவது எல்லாம் டவரில் பதிவாகும். கைபேசியில் பேசுவது பதிவாகாது. அவருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் நான் யோசித்தது அதை அல்ல. இந்தப் பருந்து இதற்கு முன் நாற்பது தடவையாவது ஜீப்புக்கும் சைரனுக்கும் அசையாமல் இருந்திருக்கிறது, விமானத்துக்கா எழும்பப் போகிறது என்று யோசித்தேன். பன்னிரண்டு தடவை 'இல்லை' சொன்ன வாய்க்குப் பதின்மூன்றாவது தடவை சொல்ல அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

"க்ளியர்," என்றேன். நேரம் பத்து நாற்பத்திரண்டு. பதிவேட்டிலும் எழுதினேன்.

விமானம் ஓடி வந்தது. சக்கரம் தரையை விட்ட நேரம் பருந்து எழுந்தது. ஓடுபாதைக்குக் குறுக்கே எழுந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. எஞ்சின் சத்தம்தான் கேட்டது. முன்கண்ணாடி இருந்த இடத்தில் ஓட்டை தெரிந்தது. விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து, நிமிர்ந்து, பெரிய வட்டம் போட்டுத் திரும்பி வந்து இறங்கியது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தவள் நான். மாணவிக்கு ஒரு கீறலும் இல்லை; மடியில் பருந்தின் பாதி கிடந்தது. வாத்தியார் இரண்டு கையையும் இன்னும் பிடியிலிருந்து எடுக்கவில்லை. அவருடைய வலது கண் இருந்த இடத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

புதன்கிழமை மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல், விசாரணைக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய ஒரு தாள் தட்டச்சடித்துத் தயாராக இருந்தது. கதவை அவரே எழுந்து சாத்தினார்.

"உட்காருங்கம்மா. தண்ணி குடிக்கறீங்களா?"

தாளைப் படித்தேன். மூன்று வரி. ஓடுபாதையிலும் கம்பங்களிலும் பறவை ஏதும் இருக்கவில்லை. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வேலிக்கு வெளியிலிருந்து ஒரு பருந்து எதிர்பாராமல் வந்து மோதியது. கீழே என் பதவியைப் போட்டு, கையெழுத்துக்குக் கோடு இழுத்திருந்தது.

"இது நடக்கலையே சார்."

"யாரையும் மாட்டிவிடற மாதிரி இதுல ஏதாவது இருக்கா? உங்களைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா?"

"உங்களைப் பத்தியும் இல்ல."

அவர் பேனாவை மூடினார். திறந்தார். "நிதானமா யோசிங்க. க்ளியர்னு சொன்ன குரல் யாரோடது? டேப்புல இருக்கிறது நீங்க. நான் போன் பண்ணது உங்க உடம்பு சரியில்லன்னு யாரோ சொன்னாங்க, விசாரிக்கப் பண்ணேன். நீங்க வேற மாதிரி சொல்லலாம். யார் நம்புவாங்க? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வெளியிலேர்ந்து வந்த பறவைக்கு யார் பொறுப்பு? ஒருத்தரும் இல்ல. உள்ளேயே உட்கார்ந்திருந்ததுன்னு சொன்னீங்கன்னா, அது உட்கார்ந்திருந்தும் க்ளியர் சொன்னது நீங்க."

அவர் சொன்னது சரி. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான். பொய்யான தாள் என்னைக் காப்பாற்றும். உண்மையை எழுதினால் முதலில் மாட்டுவது நான். இதைக் கணக்காக யோசித்து, அழகாக மடித்து, தண்ணீரும் கொடுத்து முன்னால் வைத்திருந்தார்.

"நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் டைம்," என்றார். "வெள்ளிக்கிழமை காலையில டார்ச்..." நிறுத்திக்கொண்டார். "விளக்குக் கம்பெனிக்காரர் வேற மூணு நிலையத்து ஆளுங்களை விமானத்துல கூட்டிட்டு வர்றார். நம்ம விளக்கைப் பார்க்க. அதுக்கு முன்னாடி இந்த விஷயம் முடிஞ்சிருக்கணும்."

வேறு மூன்று நிலையங்கள். அங்கேயும் மாடிக் கண்ணாடி இருக்கும். அங்கேயும் கம்பம் நிற்கும்.

வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிடும்.

"கையெழுத்து போட்டுட்டியா?"

"போடல."

"ஏன்?"

"ஏன்னா? பருந்து வெளியிலேர்ந்து வந்துச்சுன்னு எழுதியிருக்கு."

"எங்கேர்ந்து வந்தா என்ன? செத்துப் போச்சு அது. அது வந்து சாட்சி சொல்லப் போகுதா?"

"வாத்தியாரு சாகலங்க. கண்ணு போயிருக்கு."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நீ எழுதிட்டா கண்ணு வந்துடுமா? நீ உண்மைய எழுது. மகாராணி மாதிரி எழுது. முதல்ல உன்னைத் தூக்குவான். அடுத்து கம்பம் யாரு நட்டதுன்னு கேப்பான். புத்தகத்தில் உள்ளபடின்னு கையெழுத்து போட்டவன் யாரு? நான். ரெண்டு பேரும் வீட்டுல உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டியதுதான்."

"அன்னைக்கு ஏன் போட்டீங்க?"

"நீ ஏன் க்ளியர் சொன்ன?"

சாப்பிட்டோம். பதினெட்டு வருடத்தில் அவரிடம் எனக்கு வந்த கோபங்களை எண்ணிவிடலாம். அன்று வந்தது மட்டும் அவர்மேல் வந்ததா என்மேல் வந்ததா என்று பிரிக்க முடியவில்லை. ஒரே பாத்திரத்தை மூன்று தடவை தேய்த்தேன். "அது வெள்ளியாயிடும், விடு," என்றார் பின்னாலிருந்து. சிரிக்க நினைத்தேன், வரவில்லை.

வியாழக்கிழமை காலை விடுப்புச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். இரண்டாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டில். வாத்தியாருக்குப் பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. இடது கண்ணால் என்னைப் பார்க்க அவர் தலையை முழுவதுமாகத் திருப்ப வேண்டியிருந்தது.

"உட்காருங்க அக்கா," என்றார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் நின்றுகொண்டே சொன்னேன். பருந்து கம்பத்தில் இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே க்ளியர் சொன்னேன். மேலாளர் போனில் சொன்னார், அதனால் சொன்னேன். ஆனாலும் சொன்னது நான்.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். பக்கத்துக் கட்டில்காரர் இருமி முடித்தார்.

"உங்க குரல்ல ஒரு இழுப்பு இருந்துச்சு," என்றார் வாத்தியார். "எப்பவும் டக்குனு சொல்லுவீங்க. அன்னைக்கு முதல்ல இல்லன்னீங்க, ரெண்டு நிமிஷத்துல க்ளியர்னீங்க, அதுவும் இழுத்துச் சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் கிளம்பினேன். அது என் பங்கு. மிச்சம் உங்களோடது, அவனோடது. நீங்க ரெண்டு பேரும் பிரிச்சுக்கங்க."

"நான் வந்தது..."

"மன்னிப்புக் கேக்க வந்தீங்கன்னா இப்ப முடியாது அக்கா. எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்ல. இனிமே நான் ஓட்ட முடியாது. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. இதைக் கேட்டு நீங்க அழுதீங்கன்னா எனக்கு இன்னும் எரிச்சல் வரும்."

நான் அழவில்லை.

"அந்தப் பொண்ணு திங்கக்கிழமை மறுபடி ஏறுறா," என்றார். "நான்தான் சொல்லி அனுப்பினேன், பயந்து நிறுத்தாதேன்னு. கம்பம் அங்கேயேதான் நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப இங்க நின்னு என்ன பண்றீங்க?"

படி இறங்கினேன். நேராக வீட்டுக்கு வந்து, கோடு போட்ட தாளை எடுத்து, என் கையால் எழுதினேன். பத்து நாற்பதுக்கு நான் 'இல்லை' என்றது. பத்து நாற்பத்தொன்றுக்கு மேலாளரின் தொலைபேசி. பத்து நாற்பத்திரண்டுக்கு, பருந்தைப் பார்த்தபடியே, விதிக்கு மாறாக நான் 'க்ளியர்' என்றது. விளக்குகள் முழங்கால் உயரத்தில் இருக்க வேண்டியவை என்பது. என் ஆறு கடிதங்களின் தேதிகள். என் தவறை முதலில் எழுதினேன், அடுத்தவர் வந்து கண்டுபிடிக்க வேண்டாம் என்று.

சாயந்திரம் மேலாளர் அதைப் படித்தார். முகம் மாறவில்லை. இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"இதை நான் அனுப்ப மாட்டேன்."

"நகலை நான் அனுப்பிட்டேன் சார். பதிவுத் தபால்ல. விசாரணைக் குழுவுக்கு."

அப்போதுதான் முகம் மாறியது. "திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க பயணிகள் பெட்டிப் பிரிவுல. ஓடுபாதைக்கு வேற ஆள் போட்டாச்சு."

"சரி சார். நாளைக்கு?"

"நாளைக்கு ஒரு நாள் ஒழுங்கா இருங்க."

வேறு ஆள் யார் என்று எனக்குத் தெரியும். மேலாளர் தும்மினால் கைக்குட்டை நீட்டுகிறவர். திங்கட்கிழமை அந்தப் பெண் கிளம்பும்போது அவர்தான் க்ளியர் சொல்வார். டக்கென்று சொல்வார், இழுக்கவும் மாட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விருந்தாளிகளின் விமானம் இறங்குவதாக இருந்தது. பத்து ஐம்பத்தைந்துக்கு டவர் கேட்டது.

"பறவை நிலை?"

நான்காம் கம்பத்தில் செவ்வாய்க்கிழமை செத்த பருந்துக்குப் பதிலாக வேறொன்று உட்கார்ந்திருந்தது. இளம் பருந்து. அலகை இறகுக்குள் விட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. கீழே விளக்கு பளிச் பளிச்சென்று கடமையைச் செய்தது.

"இல்லை. நான்காம் கம்பத்தில் பருந்து."

விமானத்தை மேலே வட்டமடிக்கச் சொன்னார்கள். கைபேசி அடித்தது. எடுத்தேன்.

"என்னம்மா இது?"

"ரேடியோவுல சொல்லுங்க சார்," என்று வைத்துவிட்டேன். திரும்ப அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. அணைத்துவிட்டேன்.

ஆறு நிமிடத்தில் அவருடைய கார் ஓடுபாதை ஓரம் வந்து நின்றது. கதவைச் சாத்தக்கூட இல்லை. கழுத்துப்பட்டை தோளுக்கு மேல் பறந்தது. கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். நான்கு மாதத்தில் அவர் அங்கே வந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. கையைத் தட்டினார். "ஓய்," என்றார். பருந்து ஒரு இறகை உதறிக் கீழே விட்டது.

"பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கு. மேலே எட்டுப் பேர் சுத்திட்டிருக்காங்க. க்ளியர் சொல்லுங்க."

நான் ரேடியோவை இடுப்பிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"இந்தாங்க. இந்தப் பொத்தானை அழுத்திட்டுப் பேசணும். உங்க குரல்லயே சொல்லுங்க."

"விளையாடறீங்களா?"

"செவ்வாய்க்கிழமை என் வாயைக் கடன் வாங்கினீங்க. இன்னைக்கு அது இல்ல. உங்களுக்கு வாய் இருக்கு. பருந்து உங்க கண்ணுக்கு எதிரே இருக்கு. அது எழும்பாதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க. ஒரே வார்த்தை. நான் பதிவேட்டுல எழுதிக்கறேன், சொன்னது யாருன்னு."

அவர் ரேடியோவை வாங்கினார். வாங்காமல் இருந்திருக்கலாம், கோபத்தில் வாங்கிவிட்டார். பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தார். மேலே விமானத்தின் சத்தம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போனது. அவர் அதைப் பார்த்தார், பிறகு பருந்தைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை வந்து புருவத்தில் தங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை. இந்த ஒரு நிமிடம் எப்படிப்பட்டது என்று செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை அவருக்குத் தெரியட்டும் என்று நின்றேன்.

டவர் கேட்டது. "பறவை நிலை? எரிபொருள் குறையுது. இறக்கவா, பக்கத்து நிலையத்துக்கு அனுப்பவா?"

பொத்தானை அழுத்தினார். "நான்காம்..." தொண்டையைச் செருமினார். "நான்காம் கம்பத்தில் பறவை. இல்லை. அனுப்பிடுங்க."

"பேசறது யாரு?" என்றது டவர்.

அவர் தன் பதவியைச் சொன்னார். பதினொன்று ஒன்பது. எழுதிக்கொண்டேன்.

விமானம் திரும்பி, சின்னதாகி, போயே போனது. அவர் ரேடியோவைத் திருப்பிக் கொடுத்தார். "இப்ப திருப்தியா?"

"இல்ல சார். ரெண்டு மணிக்குப் பயிற்சி விமானம் மூணு இருக்கு. பருந்து இங்கேயேதான் இருக்கும். நான் ஆறு மணி வரைக்கும் இருப்பேன். ஒவ்வொண்ணுக்கும் இல்லன்னுதான் சொல்லுவேன். கம்பம் படுக்கிற வரைக்கும்."

"திங்கக்கிழமை..."

"திங்கக்கிழமை உங்க ஆள் சொல்லட்டும். இன்னைக்கு நீங்க இல்லன்னது டேப்புல இருக்கு. அதே கம்பம், அதே பருந்து. அவர் க்ளியர்னு சொல்லி ஏதாவது ஆச்சுன்னா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் கேப்பாங்க."

அவர் தன் காரை நோக்கித் திரும்பும்போதே மின்பிரிவு வண்டியின் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் இறங்கினார். டவரில் பேசியது மின்பிரிவு அறையிலும் கேட்கும். கையில் பெரிய ஸ்பானர். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மேலாளருக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் கம்பத்தடியில் குந்தினார்.

"யாரு உன்னை வரச் சொன்னது?"

"புத்தகத்தில் உள்ளபடின்னு நான்தான் சார் கையெழுத்து போட்டேன். இப்பவாவது அது மாதிரி பண்ணிடறேன்." முதல் போல்ட்டு முனகியது. "நார்க்கம்பம். கனம் இல்ல. ஆனா பிடிக்கலன்னா சாய்ஞ்சு மண்டையில விழும். அவ கண்ணு வானத்துல இருக்கணும், அவளால பிடிக்க முடியாது. நீங்க பிடிங்க."

மேலாளர் சுற்றிலும் பார்த்தார். மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் பயணிகள் நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்தார். நான்காவது போல்ட்டு கழன்றதும் கம்பம் ஆடியது. பருந்து எழுந்து, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, ஐந்தாம் கம்பத்தில் போய் உட்கார்ந்தது.

"அடப் பாவி," என்றார் மேலாளர்.

"வாங்க சார், அடுத்தது," என்றார் என் வீட்டுக்காரர்.

ஐந்திலிருந்து ஆறுக்குப் போனது. ஆறிலிருந்து ஏழுக்கு; ஏழும் சாய்ந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றிவிட்டுக் கடைசியில் எட்டுக்கு. எனக்கு மனம் குளிரவில்லை. ஒரு மனிதர் இருட்டுக் கண்ணோடு ஜன்னல் ஓரம் படுத்திருக்கிறார், இவர்களுக்குக் கம்பத்தைச் சாய்க்க மூன்று மணி நேரம் போதுமாக இருந்திருக்கிறது. போல்ட்டு நான்கு, கம்பம் எட்டு, ஸ்பானர் ஒன்று. எழுதிய ஆறு கடிதத்தில் எதைப் படித்திருந்தாலும் இது முடிந்திருக்கும். விசாரணைக் குழு என்னைக் கூப்பிடும், போவேன். வேலை போகலாம், போகட்டும். நான் சொன்ன ஒரு க்ளியருக்கு அது சரிதான். ஆனால் அந்த அறைக்குள் நான் மட்டும் தனியாக நிற்கப் போவதில்லை.

இரண்டு மணிக்கு டவர் கேட்டது.

"பறவை நிலை?"

எட்டாம் கம்பத்தின் கடைசி போல்ட்டு இன்னும் பாதி கழலாமல் இருந்தது. பருந்து அதன்மேல் இருந்தது. மேலாளர் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி, மூச்சு வாங்க, என் வாயைப் பார்த்தார்.

"இல்லை," என்றேன்.